முதல் நாப்பது மீட்டர்

பலூன் அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு ஆள் உசரம், வெள்ளை வெளேர்னு, ஹீலியம் குடிச்சு உப்பிப் போயி, எப்ப விடுவேன்னு துடிச்சுக்கிட்டு. பூங்கோதை அதோட கழுத்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சபடி கப்பலோட முன்தளத்துல, நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்துல, காலை அகட்டி வச்சு நின்னா. காலை பத்து மணி. சுத்திலும் தண்ணி, தண்ணிக்கு மேல சாம்பக் கலர்ல வானம், எந்தப் பக்கம் போனாலும் கரைக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இந்த மாதிரி இடத்துலதான் காத்து சுத்தமா இருக்கும், ஊரு தூசி, ஊரு சூடு, ஊரு புகை எதுவும் படாத காத்து. அந்தக் காத்து கடல் மேல எப்படி அடுக்கடுக்கா உக்காந்திருக்குன்னு பாக்கத்தான் பலூனுக்குக் கீழ ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கட்டி மேல அனுப்புறது. பெட்டி போற வழியெல்லாம் சூடு இவ்ளோ, ஈரம் இவ்ளோ, காத்து இந்தப் பக்கம்னு செகண்டுக்கு ஒரு தடவை சொல்லிக்கிட்டே போகும், இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஏறி பலூன் வெடிக்கிற வரைக்கும் வாயை மூடாது. பூங்கோதைக்கு அந்த இருபத்தஞ்சு கிலோமீட்டரும் வேணாம். முதல் நாப்பது மீட்டர் போதும். கணக்குப் போட்டா எட்டு செகண்ட். அந்த எட்டு செகண்டுக்குள்ள பெட்டி கொஞ்சம் கூடுதலா சூடு காட்டிட்டா அவ சிநேகிதி நஸ்ரின் கட்டுரையில எழுதினது சரி. காட்டலன்னா நஸ்ரின் எழுதினது தப்பு, இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது, தப்பு நஸ்ரினோடது இல்ல, காட்டலன்னா என்னங்கறதை அவ மனசு சொல்லி முடிக்கவே மாட்டேங்குது, கப்பல் ஏறின ரெண்டு வாரமா அந்த இடத்துக்கு வந்ததும் கால் தடுக்கின மாதிரி நின்னுடுது.

"யம்மா, கை மரத்துப் போச்சின்னா சொல்லுங்க, நான் புடிக்கேன்." சூசை அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், இந்தக் கப்பல்ல போசன், அதாவது டெக்குல நடக்குற வேலைக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. ஒரு கையில வயர்லெஸ், இன்னொரு கையில அந்த வெள்ளைப் பெட்டி. மேல பிரிட்ஜ்ல இருந்து கேப்டன் சரின்னு சொன்னாத்தான் பலூனை விடலாம், இன்னும் சொல்லல.

"பரவாயில்ல அண்ணாச்சி."

"பின்னாடி பலூன் ஊதுற கொட்டாயிலயே விட்டா சோலி முடிஞ்சி. இதைத் தூக்கிட்டு எம்பது மீட்டர் நடந்து வாறது, பாக்கறவனெல்லாம் கல்யாண ஊர்வலம்னு நெனைக்கான்."

"இங்க யாரு இருக்கா பாக்குறதுக்கு?"

"குக்கு பாக்கான். மாப்பிள்ளை எங்கன்னு கேக்கான்."

அவ சிரிச்சா. சிரிப்பு பாதியில இருக்கும்போதே அவரு அடுத்ததைச் சொல்லிட்டாரு, ஒண்ணுமே இல்லாத மாதிரி, கடலைப் பாத்துக்கிட்டே. "போன வருசம் பூரா பின்னாடிதானே விட்டோம். அதுவும் நல்லாத்தானே போச்சி. உங்க சேக்காளி கூட அதுல என்னமோ கண்டுபிடிச்சாவள்லா."

போன வருசம் பூரா பின்னாடிதானே விட்டோம். அவரு குரல்ல குத்தம் எதுவும் இல்ல, பழி இல்ல, வானிலை சொல்ற மாதிரி சொல்லிட்டாரு. இந்த உலகத்துலயே அது தெரிஞ்ச இன்னொரு ஆளு இவரு ஒருத்தர்தான், இவருக்குத் தெரிஞ்சது என்னன்னு இவருக்கே தெரியாது. பூங்கோதை பலூன் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சா. ரப்பர் வாசனை, பவுடர் வாசனை, கை எல்லாம் வெள்ளை. நெய்வேலியில மார்கழி மாசம் ஸ்கூலுக்குச் சைக்கிள்ல போகும்போது புகைபோக்கியில இருந்து வர்ற புகை நேரா மேல போயி, ஒரு உசரத்துக்கு மேல போக முடியாம, கூரையில இடிச்ச மாதிரி அப்படியே படுத்து, தோசைக்கல்லுல மாவு பரவுற மாதிரி பரவும். சைக்கிளை நிறுத்திட்டு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நிப்பா. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து, ஆனா புகைக்கு மட்டும் தெரியுது அங்க ஒரு மூடி இருக்குன்னு. கீழ குளுந்த காத்து, மேல சூடான காத்து, சூடான காத்து மூடியா உக்காந்துக்கிட்டு கீழ இருக்கறதை மேல விடாது. எம்.எஸ்சி. முதல் நாள் வகுப்புல அவ இதைச் சொன்னப்ப பக்கத்து பெஞ்சுல இருந்த பொண்ணு நோட்டை மூடிட்டு முழுசா இவ பக்கம் திரும்பி உக்காந்து, ஏய் இன்னொரு தடவை சொல்லு, தோசைக்கல்லுன்னு சொன்னியே அதைச் சொல்லுன்னா. அதுதான் நஸ்ரின். பரங்கிப்பேட்டைக்காரி. கடலுக்கு மேலயும் அதே மாதிரி ஒரு மூடி உண்டு தெரியுமான்னு கேட்டா. கடலோட ஈரமும் சூடும் உப்பும் எட்டுற வரைக்கும்தான் கீழ்க்காத்து, ஒரு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு மீட்டர், அதுக்குப் பேரு பவுண்டரி லேயர், அதுக்கு மேல இருக்கற காத்துக்கு கீழ கடல் இருக்கறதே தெரியாதுடி, அது வேற நாட்டுக் காத்துன்னா. வேற நாட்டுக் காத்து. எவ்ளோ அழகா சொன்னா. சொல்லும்போது கையை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கிக் காட்டுவா, பஸ்ல, கேன்டீன்ல, ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏறின கையால கூட.

அந்தக் கையை நினைக்க வேணாம். கடலைப் பாரு. அலை நாலு மீட்டர் இருக்கும், போன வருசம் இதே இடத்துல எட்டு மீட்டர். போன வருசம் நஸ்ரின்தான் வர வேண்டியது, அவ திட்டம், அவ எழுதி வாங்கின பயணம், கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடி அவங்க உம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், வேற ஆளில்ல, நீ போயிட்டு வாடி, நீ பாத்தா நான் பாத்த மாதிரின்னு இவளை ஏத்தி விட்டா. முதல் எட்டு பலூனை இவ முன்தளத்துல, இதே சங்கிலிக்குப் பக்கத்துல நின்னுதான் விட்டா. நஸ்ரின் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தா, முன்னாடி நின்னு விடு, காத்து முன்னாடி இருந்து வரும், கப்பலோட சூடு பின்னாடி போயிடும், பின்னாடி நின்னா நீ கடலை அளக்கல, கப்பலை அளக்கறன்னு. ஒன்பதாவது நாள் கடல் பொங்க ஆரம்பிச்சுச்சு. இவளுக்கு வாந்தி. தண்ணி குடிச்சா வாந்தி, ரஸ்க்கு தின்னா வாந்தி, குடல் வெளிய வந்துடும் போல. படுத்தா கட்டில் மேல ஏறி கீழ விழுது. முன்தளத்துக்குப் போற வழியில அலை ஏறி அடிக்குது. அப்ப சூசை அண்ணாச்சிதான், யம்மா முன்னாடி போனா தூக்கிக் கடல்ல போட்டுரும், இங்கனயே விட்டுத் தள்ளுங்கன்னாரு, நல்ல மனசோடதான் சொன்னாரு, பலூன் ஊதுற கொட்டாய் பின்தளத்துலதானே இருக்கு, கதவைத் திறந்தா போதும், ரெண்டு எட்டு வச்சு விட்டுடலாம். விட்டா. இருபத்தாறு பலூன். அப்புறம் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு லாக் புக்கை எடுத்து எழுதுவா, தேதி, நேரம், காத்து, அலை, விட்ட இடம். விட்ட இடம்ங்கற கட்டத்துல மேல முன்தளம்னு இருக்கும். அதுக்குக் கீழ ரெண்டு சின்னக் கோடு, மேற்படி. அதுக்குக் கீழ ரெண்டு கோடு. பொய் எழுதணும்னு நினைச்சு எழுதல. சத்தியமா நினைக்கல. கை அதுபாட்டுக்கு ரெண்டு கோடு போட்டுச்சு, வாந்தி எடுக்கற வாளியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால என்னத்த யோசிக்க முடியும். ஆனா இருபத்தாறு தடவை. ஒரு தடவையாச்சும் கை நின்னிருக்கணும்ல. ஒரு தடவை நின்னுச்சா? பதினேழாவது பலூனுக்கோ என்னவோ, பேனா அந்தக் கட்டத்துக்கு மேல கொஞ்ச நேரம் நின்ன மாதிரி ஒரு ஞாபகம். அது ஞாபகமா, இப்ப இவளா உண்டாக்கிக்கிட்டதா, தெரியல. ரெண்டு வாரமா அந்தப் பேனாவைத்தான் பாத்துக்கிட்டிருக்கா.

"பிரிட்ஜு இன்னும் ரெண்டு நிமிஷம்கான்," சூசை அண்ணாச்சி வயர்லெஸைக் காதுல இருந்து எடுத்தாரு. "கப்பல் மூக்கைக் காத்துக்கு நேரா திருப்புதானாம், உங்களுக்காவ." உங்களுக்காவ. ஒரு முழுக் கப்பலையே அவளுக்காகத் திருப்புறாங்க, போன வருசம் கேட்டிருந்தாலும் திருப்பியிருப்பாங்க, அவ கேக்கல. போன வருசம் இவ திரும்பி வந்தப்புறம் ஒரு மாசம் நஸ்ரின் அந்தக் கணக்கையெல்லாம் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, சோறு தண்ணி மறந்து. ஒரு நாள் மத்தியானம் கேன்டீனுக்கு லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. கோதை, இதைப் பாரு, இந்தக் கோட்டைப் பாரு, அடியில இருக்கற நாப்பது மீட்டரைப் பாரு. கடல் பொங்கினப்புறம் விட்ட இருபத்தாறு பலூன்ல, இருபத்தாறுலயும்டி, கடல் தண்ணியை ஒட்டி ஒரு சூடான காத்து, முக்கால் டிகிரி கூட, மெல்லிசா, போர்வை மாதிரி. இவ்ளோ காத்தடிக்கும்போது அது கலைஞ்சு போயிருக்கணும், கலையல, ஏன் தெரியுமா, அலை உடைஞ்சு சிதறுற துளி அத்தனையும் சூட்டை விட்டுட்டுப் போகுதுன்னு நினைக்கறேன். சொல்லிக்கிட்டே மூச்சு வாங்குனா. இவ சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தா. அப்பத்தான் கேட்டா. எல்லாரும் கேக்கற மாதிரி கேக்கல, நஸ்ரின் எதையும் மூணு தடவை பாக்கறவ, அதனால கேட்டா. கோதை, இதெல்லாம் முன்தளம்தானே? கப்பல் சூடு இல்லையே? இவ வாயில சோறு. லாக்ல பாருடின்னா. அவ்ளோதான். லாக்ல பாருடி. ஆமான்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. நஸ்ரின் லாக்ல பாத்தா. முன்தளம், மேற்படி, மேற்படி, மேற்படி. அந்த நேரத்துல இவளுக்கு நிஜமாவே ஞாபகம் வரலையா, இல்ல வந்து, அவ முகத்துல இருந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு உள்ள போயிடுச்சா. சோத்தை முழுங்கிட்டுச் சொல்லிக்கலாம்னு நினைச்சாளா. அந்தச் சோறு இன்னும் தொண்டையிலதான் இருக்கு.

"விடலாம்கான்."

விட்டுட்டா. கையில இருந்த இழுப்பு சட்டுனு இல்லாமப் போச்சு, தோள் ரெண்டும் லேசாகி கூசுச்சு. சூசை அண்ணாச்சி பெட்டியை ரெண்டு எட்டு ஓடிப் போயி அலுங்காம விட்டாரு. ஒண்ணு. பெட்டி கம்பி வேலியைத் தாண்டிடுச்சு. ரெண்டு. மூணு. காத்து நேரா மூஞ்சியில, உப்பா, ஈரமா, கப்பலோட டீசல் வாசனை கொஞ்சம் கூட இல்லாத காத்து, இதைத்தான் நஸ்ரின் கேட்டா. நாலு. இரு, சூடா இரு, கொஞ்சமா சூடா இரு, முக்கால் டிகிரி கூட வேணாம் அரை டிகிரி போதும். அஞ்சு. அல்லாவோ ஆண்டவனோ யாரோ, பொய்யைக் கேக்கறேனா நான், கேட்டாத்தான் என்ன. ஆறு. ஏழு. எட்டு. முடிஞ்சுது. பலூன் மேகத்துக்குக் கீழ ஒரு பட்டாணி மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு இனிமே ஒண்ணேகால் மணி நேரம் வேலை இருக்கு, ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டு முடிச்சாச்சு. பதில் இப்ப லேப்ல இருக்கற கம்ப்யூட்டர்ல போயி உக்காந்திருக்கும். "நல்லா போச்சி," சூசை அண்ணாச்சி கையைத் தட்டி பவுடரை உதறுனாரு. "இந்த மாதிரி நேராப் போயி நான் பாத்ததில்ல."

லேபுக்கு நடந்தா. எம்பது மீட்டரு, அதை எண்ணூறு மீட்டரா நடந்தா. வழியில லைஃப்போட் கயிறு தொங்குறதைப் பாத்தா, பாத்ரூம் கதவு சரியா சாத்தாம அடிச்சுக்கிட்டிருந்தது, அதைச் சாத்துனா. முன்தளத்துல இது மூணாவது. இந்த வாரம் பின்தளத்துல ரெண்டு விட்டா, ரெண்டுலயும் போர்வை இருந்துச்சு, அப்படியே முக்கால் டிகிரி, நஸ்ரின் வரைஞ்ச மாதிரியே. முன்தளத்துல இதுக்கு முன்னாடி ரெண்டு விட்டா, ரெண்டுலயும் இல்ல. ஆனா முதல் தடவை காத்து பக்கவாட்டுல இருந்துச்சு, அதைச் சேத்துக்க முடியாது. ரெண்டாவது தடவை மழை, மழைல சென்சார் நனைஞ்சிருக்கும், அதையும் சேத்துக்க முடியாது. இப்படித்தான் தனக்குத்தானே வாய்தா வாங்கிக்கிட்டு வந்தா. இன்னைக்கு மழை இல்ல. காத்து நேரா மூக்குக்கு. அலை போன வருசத்துல பாதி, அலை கம்மின்னா துளி கம்மி, துளி கம்மின்னா போர்வையும் மெல்லிசா இருக்கும்ல, அதனால இன்னைக்கு இல்லன்னாலும்... ச்சீ. பின்தளத்துல இதே அலையில இருந்துச்சே. இருக்கே அது. கப்பலோட மூச்சு. இருபத்தாறு பலூனும் கப்பலோட மூச்சுக்குள்ளாற புகுந்து போயிருக்கு, நஸ்ரின் அதைக் கடல்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி பகலா உக்காந்து அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கா, அலைத்துளின்னு, அவ்ளோ அழகான காரணம், இல்லாத ஒண்ணுக்கு.

கட்டுரையை எடுத்துக்கிட்டோம்னு பத்திரிகைல இருந்து மெயில் வந்தப்ப நஸ்ரினுக்குக் காய்ச்சல் ரெண்டாம் நாள். டெங்கு. ரத்தத்துல தட்டணு இறங்கிக்கிட்டே இருந்துச்சு, யாரு யாரோ பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தாங்க. இவதான் கட்டில் பக்கத்துல நின்னு மெயிலை வாசிச்சா. நஸ்ரின் கண்ணைத் திறக்காமலே சிரிச்சா. கட்டுரையைச் சரிபாத்த அந்த ரெண்டாவது ரெவ்யூவர் என்னடி சொன்னான், கப்பல் சூடு கப்பல் சூடுன்னு உசுர எடுத்தானே. முன்தளத்துல இருந்துதான் விட்டதுன்னு லாக் புக் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புனோம்ல, ஒத்துக்கிட்டான்னு இவ சொன்னா. அப்பாடான்னா நஸ்ரின். அப்புறம் ட்ரிப்ஸ் ஏறின கையைத் தூக்கி, ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கிக் காட்ட வந்தா, பாதியில கை இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான். மொத்தமே நாலு நாள். இருபத்தெட்டு வயசு. நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போயிருந்தப்ப அவங்க வாப்பா, பரங்கிப்பேட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவரு, கட்டுரையோட முதல் பக்கத்தை லேமினேஷன் போட்டு ஹால்ல மாட்டியிருந்தாரு. உம்மா பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுனாங்க. எம்மவ காத்துக்கு அடியில இன்னொரு காத்தைக் கண்டுபிடிச்சிருக்கா, இந்தப் புள்ளதான் கப்பல்ல போயி அளந்துட்டு வந்துச்சுன்னு. எவ்ளோ உசரம் புள்ள அதுன்னு கேட்டாங்க. நாப்பது மீட்டர் உம்மான்னா இவ. நம்ம பள்ளிவாசல் மினாரா உசரம் இருக்குமான்னு கேட்டாங்க. இருக்கும் உம்மா. அதையும் சொல்லியாச்சு.

லேப்ல யாரும் இல்ல. ஏசி சத்தம், இன்ஜின் அதிர்வுல மேசை மேல டம்ளர் லேசா நடுங்குது. ஸ்க்ரீன்ல கோடு ஏறிக்கிட்டிருந்துச்சு. இதைப் பாக்கறதுல இருக்கற சந்தோஷம் மட்டும் என்ன துக்கத்துலயும் போகாது போல, அதுக்காகவே தன் மேல ஒரு வெறுப்பு வந்துச்சு. எழுநூறு மீட்டர் வரைக்கும் காத்து நல்லா கலந்து கிடக்கு, ஈரம் எல்லா உசரத்துலயும் ஒண்ணு போல. அங்க மேகத்தோட அடி. மேகத்துக்குள்ள கோடு கொஞ்சம் சாயுது. ஆயிரத்து நாநூறுல, அடேங்கப்பா, என்ன ஒரு மூடி, நூறு மீட்டருக்குள்ள சூடு ஆறு டிகிரி எகிறி, ஈரம் சுத்தமா வத்திப் போயி, கத்தியால வெட்டுன மாதிரி. வேற நாட்டுக் காத்து. ஏய் இதைப் பாருடின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, பக்கத்து நாற்காலி காலி. முழுப் படமும் இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குப் போட்டது, அதுல நாப்பது மீட்டர்ங்கறது ஒரு முடி கனம் கூட வராது. பெருசு பண்ணாத்தான் தெரியும். பெருசு பண்ணாத வரைக்கும் அந்தப் போர்வை இருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். நஸ்ரின் அந்த முடி கனத்துக்குள்ளதான் இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்கா, இது என்ன பைத்தியக்கார நினைப்பு, ஆனா அப்படித்தான் தோணுது. பெருசு பண்ணிட்டா அவ இன்னொரு தடவை போயிடுவா, இந்தத் தடவை காய்ச்சல் இல்ல, இவ கை. இவ யாருகிட்டயும் சொல்லாம இருந்துட்டா யாருக்குத் தெரியும். சூசை அண்ணாச்சி கட்டுரை படிக்கப் போறதில்ல. ஆராய்ச்சி வழிகாட்டி சார் அப்பவே என் பேரு வேணாம், நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கங்கன்னுட்டாரு, அவரு கேக்கப் போறதில்ல. ஆனா போன மாசம் நார்வேல இருந்து ஒருத்தர் மெயில் போட்டிருந்தாரு, உங்க தோழி கண்டுபிடிச்ச அந்த லேயரை எங்க மாடல்ல சேக்கப் போறோம், தென்கடல் புயலைக் கணிக்கிற மாடல், அவங்க பேரையே அதுக்கு வைக்கலாம்னு இருக்கோம், உங்களுக்குச் சம்மதமான்னு. அவ பேரு. இல்லாத சூட்டுக்கு அவ பேரு. எங்கயோ ஒரு கப்பல் அந்தக் கணிப்பை நம்பி ஒரு பக்கம் திரும்பும். நஸ்ரின் பேரைச் சொல்லித் திரும்பும்.

பெருசு பண்ணா.

நேர்கோடு. பத்து மீட்டர்ல இருந்து நாப்பது மீட்டர் வரைக்கும், புத்தகத்துல போட்டிருக்கற மாதிரி, மேல போகப் போக துளித்துளியா குளுந்துக்கிட்டே போற சாதாரண நேர்கோடு. வீக்கம் இல்ல, வளைவு இல்ல, போர்வை இல்ல. கடல் அதுபாட்டுக்குக் கடலா இருந்திருக்கு. இவ எதிர்பார்த்தது ஒரு பெரிய இடி, அப்படி எதுவும் விழல, அழுகை கூட வரல. பசிச்சுச்சு. காலையில ஒண்ணும் திங்கலைன்னு ஞாபகம் வந்துச்சு. மனசு அப்பவும் பழைய புத்தியில, நாலாவது தடவை ஒண்ணு விட்டுப் பாக்கலாமான்னு கேட்டுச்சு, கேட்டுட்டுத் தானே வெக்கப்பட்டு ஒதுங்கிக்கிச்சு. கேன்டீன்ல லேப்டாப்போட ஓடி வந்தாளே, அந்த நிமிஷம் இவ வாயில இருந்ததைத் துப்பிட்டுச் சொல்லியிருந்தா நஸ்ரின் என்ன பண்ணியிருப்பா. திட்டியிருப்பா. மூதேவி, எருமைமாடு, ஒரு மாசம் வேலை போச்சுன்னு திட்டியிருப்பா, சாயங்காலம் வரைக்கும் பேசியிருக்க மாட்டா, ராத்திரி எட்டு மணிக்கு மெசேஜ் போட்டிருப்பா, சரி அந்த எட்டு பலூன் நல்லா இருக்குல்ல அதை வச்சு என்ன பண்ணலாம்னு. அவ்ளோதான் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம். அந்த ஒரு சாயங்காலத்தை இவ அவகிட்ட இருந்து எடுத்துக்கிட்டா.

பத்திரிகையோட பக்கத்தைத் திறந்தா. கப்பல் இன்டர்நெட்டு, ஒவ்வொரு வரியா வந்துச்சு. கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பம். கட்டுரைப் பேரு, எண். கீழ எல்லா ஆசிரியர்களோட ஒப்புதலும் வேணும்னு போட்டிருந்துச்சு. ரெண்டு பேரு. இவ பேருக்கு நேரா டிக் போட்டா. நஸ்ரின் பேருக்கு நேரா டிக் போட முடியல, போட்டா அது இன்னொரு மேற்படி. ஒப்புதல் இல்லையெனில் காரணம் தேர்ந்தெடுக்கவும்னு ஒரு பட்டியல் விரிஞ்சுது. சம்மதிக்கவில்லை. தொடர்பு கொள்ள முடியவில்லை. காலமானார். வேற எதுவும் இல்ல, இந்த மூணுதான். அவ விரல் ரெண்டாவதுல போயி நின்னுடுச்சு. தொடர்பு கொள்ள முடியவில்லை. எவ்ளோ சரியான வார்த்தை. போன் எடுக்கல, மெசேஜ் பாக்கல, எங்கயோ டவர் இல்லாத இடத்துல இருக்கா, வந்தா பேசுவா. அதுல எவ்ளோ நேரம் இருந்தாளோ, ஸ்க்ரீன் மங்க ஆரம்பிச்சுது, ஒரு தட்டு தட்டி எழுப்பி விட்டா. இத்தனை மாசத்துல அவ யாருகிட்டயும் அந்த மூணாவது வார்த்தையைச் சொன்னதில்ல, நஸ்ரின் இல்லன்னு சொல்லியிருக்கா, போயிட்டான்னு சொல்லியிருக்கா, நார்வேக்காரருக்குக் கூட அவங்க இப்ப எங்களோட இல்லன்னுதான் எழுதுனா, வேலையை விட்டுட்டாங்கன்னு கூட அவரு நினைச்சிருக்கலாம். மூணாவதைத் தொட்டா. உடனே தேதி கேட்டுச்சு. அடிச்சா. கடைசியா காரணம்ங்கற பெரிய கட்டம். அதுக்கு அவ மனசுக்குள்ள ரெண்டு வாரமா பக்கம் பக்கமா எழுதி வச்சிருந்தா, கடல் கொந்தளிப்பு, உடல்நிலை, பதிவேட்டில் ஏற்பட்ட எழுத்துப் பிழைன்னு. எழுத்துப் பிழைன்னு அடிச்சு, அழிச்சா. பலூன்களை நான் பின்தளத்தில் இருந்து விட்டேன், முன்தளம் என்று பதிவு செய்தேன். கட்டுரையில் காட்டிய சூடு கப்பலுடையது. நஸ்ரின் என்னிடம் கேட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. இந்தப் பிழையில் அவருக்குப் பங்கில்லை. படிச்சுப் பாக்கல, பாத்தா அழிச்சிடுவா. அனுப்புங்கற பட்டனை அழுத்திட்டா.

ஸ்க்ரீன் நடுவுல வட்டம் சுத்துச்சு, ரொம்ப நேரம், சேட்டிலைட் அந்தப் பக்கம் போயிடுச்சோ என்னவோ. இன்னொரு ஜன்னல்ல பலூன் கோடு இருபத்துநாலு கிலோமீட்டர்ல போயிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் பக்கம் வந்துச்சு. விண்ணப்பம் கிடைத்தது. இதன் நகல் கட்டுரையின் எல்லா ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பப்பட்டுள்ளது. எல்லா ஆசிரியர்களும். ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறைச்சுது. நஸ்ரின் மெயில் அவ போன்ல திறந்தபடியேதான் கிடக்கு. அந்தப் போனை உம்மா இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கறாங்க. ஏதாச்சும் சத்தம் வந்தா, விளம்பரமோ கரண்டு பில்லோ, எம்மவளுக்கு ஏதோ வந்திருக்கு என்னன்னு பாருங்கன்னு வாப்பாகிட்ட கொண்டு போயி நீட்டுவாங்க. அவரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் எழுத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுச் சொல்லுவாரு. அங்க மணி இப்ப பதினொண்ணரை. வெள்ளிக்கிழமை, ஜெராக்ஸ் கடை லீவு, ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்பாங்க. நாற்காலி பின்னால உருண்டு போயி எதுலயோ முட்டுச்சு, அவ அதைக் கவனிக்கல, ரெண்டு மாடி இரும்புப் படி, கையெல்லாம் பலூன் பவுடர், பிரிட்ஜ்ல டூட்டி ஆபீசர் என்னாச்சுன்னாரு, போன், சார், அஞ்சு நிமிஷம் போன் வேணும்னா. சேட்டிலைட் போன்ல நம்பரை அடிச்சா. மணி அடிச்சுது. எடுத்தாங்க.

"உம்மா, நான் கோதை."

அவ குரல் மேல போயி கீழ இறங்கி அவங்க காதுக்குப் போக ஒரு செகண்ட், அவங்க குரல் திரும்பி வர ஒரு செகண்ட். நடுவுல ஒரு இரைச்சல்.

"கோதையா புள்ள? கப்பல்லேந்தா பேசுற? சாப்டியா?" அவங்க குரல் சந்தோஷமா இருந்துச்சு. "இரு புள்ள, இப்பத்தான் எம்மவ போன் சத்தம் போட்டுச்சு. ஏதோ பெரிய கடுதாசியா வந்திருக்காம், வாப்பா கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்காரு."

"தெரியும் உம்மா," அவ சொன்னா. "அதை நான்தான் அனுப்புனேன். வாப்பாவைப் படிக்க வேணாம்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் உக்காருங்க, நானே சொல்றேன்."